அரை நூல்

எங்கள் அத்தானுக்குப் பட்டறையில் ‘நூல்’ என்று பெயர். தச்சு வேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் கணக்கு. ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் மற்றவர்கள் பசையை அப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் அரை நூலுக்கே சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிடுவார். என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், மனிதர்களைவிட மேஜைகளோடுதான் இவருக்கு ஒத்துப்போகும். இதை அவர் முகத்துக்கு நேராகவே ஒருமுறை சொன்னேன்.

“மேஜை எதிர்த்துப் பேசாதுல்ல, மாப்ளே” என்றார். கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

பட்டறையில் அவருக்குப் பெரிய மேஜைகளின் மேல்பலகை வேலை. பத்துப் பேர் சுற்றி உட்காரும் மேஜைக்கு அவ்வளவு அகலத்தில் ஒரே பலகை எங்கே கிடைக்கும்? நாலைந்து பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்ட வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளிம்பை நேராக இழைத்து ஒட்டினால், மரம் காயக் காய இரண்டு முனைகளிலும் வாய் பிளந்துவிடும். அதனால் விளிம்பின் நடுவில் அரை நூல் பள்ளம் விட்டு இழைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். நடு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். முனைகள் ஜென்மத்துக்கும் திறக்காது. அத்தான் இதற்கு அளவெல்லாம் பார்ப்பதில்லை. இழைப்புளியைத் தள்ளிக்கொண்டு நடுவுக்கு வரும்போது கை தானாக ஒரு பிடி அழுத்தும். அவர் ஒட்டிய மேஜை ஒன்றுகூடப் பிளந்து திரும்பி வந்ததில்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

வீட்டிலும் அதே கைதான். பையன் சின்ன வயதில், “ரூம்ல ஒரே புழுக்கம், படிக்க முடியல” என்று சொன்னான். படிக்காத பிள்ளைகள் எல்லோரும் சொல்கிற சாக்கு. மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் சுவரில் ஜன்னல் இருக்கிறது. கட்டில் குட்டை என்றான், கட்டில் நீண்டது. வளர்ந்து ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். “முதலாளி எல்லார் முன்னாடியும் கத்துறாரு” என்று சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டான். அத்தான் போய் அந்த மனிதரிடம் என்ன பேசினாரோ தெரியாது, மறுநாளிலிருந்து அவர் இவனை “வாங்க, உட்காருங்க” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் பையன் மாதம் முடிவதற்குள் வேலையை விட்டான். அதற்கும் அத்தான் வருத்தப்பட்டார். எல்லாம் சரியாகத்தானே நடந்தது, பிறகு ஏன் விட்டான் என்று என்னிடம் கேட்டார்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையிலும் மாலையிலும் ஊர்ப் பிள்ளைகளைச் சுமப்பேன். நடுவில் அக்கா வீட்டுச் சோபாவில் கிடப்பேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் குடும்பம் நடத்துவது எப்படி என்று எல்லோருக்கும் புத்தி சொல்ல எனக்கு நேரம் உண்டு.

பையன் கடைசியாகப் பார்த்தது டெம்போ ஓட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் போய்விடுவான். அங்கே வாரம் தவறாமல் படகு விடுவார்கள். ஒரே ஓர் ஆள் மண்டியிட்டு உட்காரும் சின்ன மரப்படகு. பின்பக்கம் ஒரு மோட்டாரைத் தொங்கவிட்டுத் திருகினால் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும். பையனிடம் படகு இல்லை. மற்றவர்கள் படகைத் தூக்கிவிடுவான், கவிழ்த்துத் துடைத்துத் தருவான், யாராவது மனசு வந்து ஒரு சுற்று கொடுத்தால் ஓட்டுவான். நன்றாக ஓட்டுவான் என்று ஏரிக்கரையில் மோட்டார் கடை வைத்திருப்பவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒரு மதியம் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“வெளிநாட்டுல ஒரு கிடங்குல வேலை கிடைச்சிருக்குப்பா. வருஷக் கடைசியில போகணும்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அத்தானின் அண்ணன் இப்படித்தான் ஒரு காலத்தில் போனார். இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன் பிறகு போனில் குரலாக மட்டும்தான் வந்தார். கடைசியில் அந்தக் குரலும் வரவில்லை. அந்த வீட்டில் ‘வெளிநாடு’ என்றால் சாவுக்கு இன்னொரு பெயர் மாதிரி.

“இங்க என்ன குறை?” என்று அத்தான் கேட்டார்.

அதட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். பையன் என்னைப் பார்த்தான், நான் ஊறுகாயைப் பார்த்தேன்.

“பிடிச்ச வேலை இல்லப்பா.”

“எது பிடிக்கும்?”

“படகு வேலை. போட்டியில முதல் மூணு இடத்துக்குள்ள வர்றவங்களை மோட்டார் கடைக்காரர் நிரந்தரமா எடுத்துக்கிறாரு. புது மோட்டார் ஓட்டிப் பார்க்குற வேலை. ஆனா அதுக்குப் படகு வேணுமே. நம்மகிட்ட எங்க இருக்கு?”

“படகு இருந்தா?”

“இருந்து, ஜெயிச்சா... இங்கயே இருந்துடுறேன்.”

ஆகாயத்தில் கோட்டை கட்டுகிறவன் வாடகைக்கு ஆள் தேடுவானா? அப்படிப் பேச்சுக்குச் சொன்னதுதான் அது. எனக்குப் புரிந்தது, அக்காவுக்கும் புரிந்தது. அத்தான் மட்டும் சாப்பாட்டை விட்டுவிட்டு முன்னறையின் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அறையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

“படகுதானே?” என்றார்.

அந்த வாரமே சோபா நிமிர்ந்து சுவரோரம் நின்றது. என் படுக்கை போயிற்று. ஏரிக்காரர் ஒருவரிடமிருந்து பையன் படகின் வரைபடம் வாங்கி வந்தான். கொடுத்ததும் அத்தான் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து, டீ குடிக்கும்போதெல்லாம் பார்த்தார். இந்தப் படகைத் தலைகீழாகத்தான் கட்ட வேண்டும். குறுக்குச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ரீப்பர் என்கிற மெல்லிய நீளச் சட்டங்களை ஓட்டி, கடைசியில் மெல்லிய ப்ளைவுட்டைப் போர்த்தி ஒட்டிவிட்டால் அடிப்பாகம் வந்துவிடும். பிறகு புரட்டிப் போட்டு மேல்பக்கத்தை மூட வேண்டும். பையன் ஆரம்பத்திலேயே ஒன்று சொன்னான்.

“அடிதான்ப்பா முக்கியம். பின்பாதி அடி நேரா இருக்கணும். கொஞ்சம்கூட வளைவு கூடாது.”

“அடி சரியா இல்லன்னா அடி வாங்க வேண்டியதுதான்” என்று நான் ஒரு போடு போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தான் மட்டும் மெதுவாக, “நேரா இழைக்கிறதை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று மகனைக் கேட்டார். அந்த மனிதர் கேலி செய்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

பட்டறை விட்டு வந்ததும் வேலை ஆரம்பிக்கும். டீயில் மரத்தூள், சாப்பாட்டில் மரத்தூள், அக்காவின் தலையில் மரத்தூள். சமையலறைக்குப் போக அவள் படகின் மூக்கைக் குனிந்து கடக்க வேண்டும். டிவிக்கு மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலேயே மாதங்கள் போயின என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டாள். அதையும் என்னிடம்தான் சொன்னாள். தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: “வாசல் வழியா வெளிய வருமா?” அத்தான் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்வார். சாய்த்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் இருக்கும் என்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அதுவும் அவருக்குப் புரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்கள் சந்தோஷமாகத்தான் இருந்தன. பையன் டெம்போவை நிறுத்திவிட்டு வந்து கூட நிற்பான். இவர் கையை நீட்டுவார், அவன் சரியான உளியை வைப்பான். ரீப்பர் ஒன்றை இரண்டு பேரும் மூக்குப்பக்கம் வளைத்துக் கட்டும்போது பேச்சே தேவைப்படாது. அவனுக்கும் நல்ல கை. வளைந்த பலகையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பார்ப்பான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தால், இவன் எங்கும் போக மாட்டான் என்று தோன்றும். எனக்கே அப்படித் தோன்றியது. அத்தானுக்குத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்?

அடிக்குப் போகும் நீள ரீப்பர்களை அத்தான் யாரையும் தொட விடவில்லை. பட்டறையிலிருந்து தன் நீண்ட இழைப்புளியைக் கொண்டுவந்தார். சுருள் சுருளாக இழைப்பு விழுந்தது. முடித்துவிட்டு, மூக்கிலிருந்து வால் வரைக்கும் கயிறு பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “நூல் பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு வளைந்த தெருவே நேராகத்தான் தெரியும். என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

படகு வாசல் வழியாக வெளியே வந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் இருந்தது. வார்னிஷ் பூசிய மேல்பக்கத்தில் தெரு முழுவதும் முகம் பார்த்தது. என் வேனின் மேல் கட்டி ஏரிக்குக் கொண்டுபோனோம். மோட்டார் கடைக்காரர் படகைச் சுற்றி வந்து, “மேஜையைத் தண்ணியில விடுற மாதிரில்ல இருக்கு” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். போட்டிக்கு எல்லோருக்கும் ஒரே வகை மோட்டாரை அவரே கொடுப்பார். ஆகவே வித்தியாசம் படகிலும் ஆளிலும்தான்.

பையன் மண்டியிட்டு உட்கார்ந்தான். மோட்டாரை அணைக்கும் சின்னக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். ஆள் தவறி விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். படகு கிளம்பியது. மற்ற படகுகள் வேகம் எடுத்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். எங்கள் படகு நாய் தரையை முகர்ந்துகொண்டு ஓடுகிற மாதிரி மூக்கைத் தண்ணீரில் வைத்தபடியே ஓடியது. எவ்வளவு திருகினாலும் எழும்பவில்லை. திரும்பும்போது மூக்கு இன்னும் உள்ளே போய், படகு சட்டென்று பக்கவாட்டில் இழுத்தது. பையன் முழுக்க நனைந்து கரைக்கு வந்தான்.

“என்னடா ஆச்சு?” என்றார் அத்தான்.

“தெரியலப்பா.”

“மூக்கு கனமா இருக்கோ?”

“இருக்கலாம்.”

அன்றிலிருந்து அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. மண்டியிடும் இடத்தைப் பின்னால் தள்ளினார். மூக்குப் பக்கம் மேல்பலகையைக் கழற்றி உள்ளே இருந்த சட்டங்களைக் கரும்பு சீவுவது போலச் சீவினார். மோட்டார் சாயும் கோணத்தை ஒரு துளை மாற்றினார், பிறகு மறுபடி பழைய துளைக்கே வந்தார். மோட்டாரின் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியை மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் என் வேனின் மேல் படகு ஏறியது, ஒவ்வொரு வாரமும் அதே மூக்கோடு இறங்கியது. மோட்டார் கடைக்காரருக்கு மோட்டார்தான் தெரியும். “புதுப் படகு, போகப் போகப் பழகும்” என்றார். போட்டிக்கு வருகிற மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரியின் வீட்டில் கூரை ஒழுகினால் எவன் ஏணி கொண்டு வருவான்?

பையன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். அதற்கு நடுவில் வெளிநாட்டுக்கு வேண்டிய மருத்துவப் பரிசோதனைக்கும் போய் வந்தான். “ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான்” என்று அவன் சொன்னபோது அத்தான் உப்புத்தாளை நிறுத்தவில்லை. ஆனால் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

போட்டி அன்றைக்கு அக்காவும் வந்தாள். எட்டுப் படகுகள். துப்பாக்கி வெடித்ததும் ஏழு படகுகள் எழும்பிப் போயின. எங்கள் படகு உழுதுகொண்டு போனது. முதல் திருப்பத்தில் முன்னே போனவர்களின் அலை வந்து மோதியது. மூக்கு உள்ளே போனது, போனது, மேலே வரவே இல்லை. படகு அப்படியே சுழன்று தண்ணீர் மொண்டு நின்றது. பையன் தெறித்து விழுந்தான். அக்கா என் சட்டையைப் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் தெறித்துப்போனது. அவன் போட்டிருந்த ஆரஞ்சு மிதவைச் சட்டைகூட முதலில் தெரியவில்லை. பிறகு தலை தெரிந்தது, கை தெரிந்தது. காவல் படகு போய் அவனை ஏற்றிக்கொண்டு, எங்கள் படகைக் கயிற்றில் கட்டி, கட்டுப்படாத மாட்டை இழுத்து வருவது போல இழுத்து வந்தது.

அத்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கி மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “மோட்டார் மாட்டுற பின்பலகையை ஒரு அங்குலம் இறக்கிப் பார்த்திருக்கணும்டா” என்பது.

“விடுங்கப்பா” என்றான் பையன். “இனிமே அடுத்த வருஷம்தான்.”

அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது நாலு பேருக்கும் தெரியும்.

அவன் கிளம்பிய நாளில் பெட்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அத்தான் வாசலில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டினார். “இப்போ சத்தம் போடாது” என்றார். பையன் குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார். விமான நிலையம் வரைக்கும் வர மாட்டேன் என்று முன்னமே சொல்லியிருந்தார். அக்கா தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். நான்தான் வேனில் கூட்டிப்போனேன்.

ஊர் எல்லையைத் தாண்டியபோது நான் சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தேன். “அந்தப் படகு ஏன்டா அப்படிப் பண்ணுச்சு? அவ்வளவு வேலை பார்த்தாரு மனுஷன். பாவம்டா.”

பையன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடியில குழி இருக்கு மாமா. பின்பாதியில, நடுவுல, அரை நூல். அந்தக் குழிதான் வாலைத் தூக்கி மூக்கை அமுக்குது.”

மேஜை! எனக்கே உடனே விளங்கிவிட்டது. ரீப்பரை நேராக இழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கை நடுவில் ஒரு பிடி அழுத்தியிருக்கிறது. கயிறு பிடித்துப் பார்த்த கண்ணும் அதே கையோடு வளர்ந்த கண்தானே? அந்தக் கண்ணுக்கு அதுதான் நேர்.

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“முதல் நாள் தண்ணியில இருந்து ஏத்தினதுமே தெரியும். நீங்க எல்லாம் டீ குடிக்கப் போனீங்கல்ல? மோட்டார் கடையில நேரான அலுமினியப் பட்டை ஒண்ணு கேட்டு வாங்கி, அடியில வச்சுப் பார்த்தேன். நடுவுல வெளிச்சம் வந்துச்சு.”

நான் வேனை ஓரத்தில் நிறுத்தினேன். நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் எதிலாவது மோதியிருப்பேன்.

“முதல் நாளே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா அதுல ஏறினே? அந்தத் திருப்பத்துல நீ செத்துப் போயிருந்தா? உங்க அம்மா என் சட்டையைக் கிழிச்சிட்டாடா! வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொன்னா சரி பண்ணிடுவாரு, மாமா.”

எனக்குக் கத்துவதற்கு இன்னும் நிறைய இருந்தது. என்ஜினை அணைத்தேன். அவன் என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

“அப்பா மேல கோபமெல்லாம் இல்ல. எங்க வீட்டுல எனக்குன்னு ஒரு குறைகூட மிச்சம் வைக்க மாட்டாரு. போறதுக்கு ஒரு காரணம் சொன்னா, மறுநாள் அந்தக் காரணம் இருக்காது. முகத்துக்கு நேரா ‘போறேன்’னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அந்தக் குழியைப் பார்த்ததும்... தப்புதான். ஆனா மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு மாமா.”

“ஜெயிச்சிருந்தா இருந்திருப்பியா?”

“இருந்திருப்பேன். வாக்கு குடுத்தேன்ல.”

“இருந்தா என்னடா கெட்டுப்போயிடும்?”

“ஒண்ணும் கெட்டுப்போகாது” என்றான். “அதான்.”

விமான நிலையத்தில் அவன் பெட்டியை இழுத்துக்கொண்டு போனான். சக்கரம் சத்தமே போடவில்லை. அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பின்னால் நின்ற டாக்சிக்காரன் ஹாரன் அடித்ததும் வண்டியை எடுத்தேன்.

எதையும் சொல்லக் கூடாது என்றுதான் தீர்மானித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் படகு மறுபடி தலைகீழாகக் கிடந்தது. அத்தான் கையில் ரம்பம். பின்பலகையில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

“ஏத்திவிட்டியா?”

“ம்.”

“ஒரு அங்குலம் இறக்கிடுறேன். மோட்டார் கீழ இறங்கினா மூக்கு தூக்கும். அவன் லீவுல வர்றப்போ...”

ரம்பத்தைக் கோட்டில் வைத்தார். அந்தப் பின்பலகை அவர் கையிலேயே மிக அழகாக வந்த வேலை. மூலை நாலும் அப்படிப் பொருந்தியிருக்கும். இல்லாத நோய்க்கு அதை அறுக்கப் போகிறார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் வாய்க்கு என்றைக்குப் பூட்டு இருந்தது?

“அதுல கை வைக்காதீங்க அத்தான். குறை அங்க இல்ல. அடியில அரை நூல் குழி இருக்காம்.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றையும் கண்ணையும் நம்பி இதுவரை தொடாமல் மூலையில் வைத்திருந்த அலுமினியப் பட்டையை எடுத்து அடியின் மேல் நிமிர்த்தி வைத்தார். குனிந்து, ஜன்னல் பக்கமாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். பட்டைக்கும் பலகைக்கும் நடுவில், நீளமாக, ஒரு கோடு வெளிச்சம். எனக்குக்கூடத் தெரிந்தது.

அத்தான் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தார். “படுபாவிக் கை! மேஜைன்னு நினைச்சிருக்குடா” என்றார். சிரித்துக்கொண்டே ஒரு பழைய டப்பா மூடியில் பசையை ஊற்றி, மரப்பொடியைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார். “இது அரை நாள் வேலை, மாப்ளே. குழியை நிரப்பி, காயவிட்டு, தேய்ச்சுட்டா முடிஞ்சுது. அவன் வந்து ஏறினா அப்படியே பறக்கும் பாரு. எங்க வச்சு சொன்னான்?”

“வண்டியிலதான். போற வழியில யோசிச்சுப் பார்த்தானாம். அப்போதான் தோணுச்சாம்.”

நல்ல பொய் என்றுதான் நினைத்தேன். போகிற வழியிலும் மகன் படகையே நினைத்துக்கொண்டு போனான் என்றால் ஒரு தகப்பனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

கலக்கிக்கொண்டிருந்த கை மெதுவானது.

“யோசிச்சா அரை நூல் தெரியாதுடா” என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கண்ணால பார்த்தாலும் தெரியாது. எனக்கே தெரியலையே. இதோ இப்படிப் பட்டையை வச்சு, குனிஞ்சு, வெளிச்சம் பார்த்தாத்தான் தெரியும்.” மூடியைக் கீழே வைத்தார். “எப்போ வச்சுப் பார்த்தான்?”

ஊரில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். அன்றைக்கு அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அது போதுமானதாக இருந்தது அவருக்கு. போட்டிக்கு முன்னால் போன வாரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது: பின்னால் தள்ளிய மண்டியிடும் இடம், சீவிய சட்டம், மாற்றிய விசிறி, பக்கத்தில் நின்று தலையாட்டிய மகன். மூடியில் பசை மெல்ல இறுகி, குத்தி வைத்த குச்சி அதிலேயே நின்றுகொண்டது. குழி அப்படியே இருந்தது.

“சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே” என்றார், தனக்குத்தானே. சொன்ன பிறகு அவரே அதைக் கேட்டார் போலிருக்கிறது. முகம் அப்படியே இருண்டது. நான் பார்த்து அந்த மனிதர் அழுததில்லை, அன்றும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா டீ கொண்டுவந்தாள். படகின் மூக்கைக் குனிந்து கடந்து, டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“உனக்கு ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா?” என்று கேட்டார்.

“என்னத்தைச் சொல்ல?”

“ஏதாவது. இத்தனை வருஷத்துல. சொன்னா நான் ஏதாவது பண்ணிடுவேன்னு சொல்லாம விட்டது.”

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுடைய முழங்கால் வலி மாத்திரைகள் என் வேனில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டில் வைத்தால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று அவள்தான் அங்கே வைக்கச் சொன்னாள். மதியம் நான் வரும்போது ஒன்று எடுத்து வருவேன். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு விழுங்குவாள். சொல்லேன் அக்கா, இப்போதாவது சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த மனிதர் முதல் தடவையாகக் கேட்கிறார். எதையும் சரிசெய்வதற்காகக் கேட்கவில்லை.

“எனக்கென்னங்க குறை?” என்றாள் அக்கா. “டீ ஆறுது, குடிங்க.”

அத்தான் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு, “சரி” என்றார்.